பொறியாளரின் கையெழுத்து



பிளஸ் டூ முடித்துவிட்டுக் கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் மாணவர்களிடமும் அவர்களுடைய பெற்றோர்களிடமும், பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பது பற்றிப் பேசவேண்டும் என்று இந்த நூலகத்து வாசகர் வட்டத்தார் கேட்டுக்கொண்டார்கள். கட்டடப் பொறியியல் வகுப்பறையிலேயே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. ஆகவே மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். மண்டபத்துக்குள் நுழையும்போதே மூன்று பெற்றோர் என்னை நிறுத்திக் கேட்டார்கள். மூவர் கேட்டதும் ஒரே கேள்வி: "சார், எந்தப் பிரிவு எடுத்தால் நல்லது?" கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கூட்டி, 200-க்கு எத்தனை கட்-ஆஃப் என்பதைப் பிள்ளையின் பிறந்தநாள் போலச் சொன்னார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு அந்த எண்ணின் பின்னால் நிற்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

அந்த நான்கு ஆண்டுகளில் என்ன நடக்கிறது? உங்கள் பிள்ளை எதைக் கற்றுக்கொண்டு வெளியே வரவேண்டும்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறியியல் பட்டம் ஒருவருக்குக் கையெழுத்துப் போடும் தகுதியைத் தருகிறது. ஒரு வரைபடத்தின் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு கட்டம் இருக்கும். வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று அதில் கையெழுத்து இருக்கும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் கொத்தனார் கம்பி கட்டுகிறார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஒரு குடும்பம் பத்தாவது மாடியில் குழந்தையைத் தூங்கவைக்கிறது. கையெழுத்துப் போட்டவரின் முகத்தை அவர்கள் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. பார்க்காத மனிதர்களுக்காக உண்மையாகக் கணக்குப் போடும் பழக்கம் இருக்கிறதே, அதைத்தான் நான்கு ஆண்டுகளில் கற்கவேண்டும்.

இந்தப் படிப்பு நம் மண்ணில் எப்படித் தொடங்கியது என்று பாருங்கள். 1794. சென்னையில் மைக்கேல் டாப்பிங் என்ற ஆங்கிலேயர் கம்பெனி அரசின் வானியலாளராக இருந்தார். கடற்கரையை அளக்கவேண்டும், ஏரிகளையும் வாய்க்கால்களையும் பார்வையிட்டுச் செப்பனிடவேண்டும். அளக்கத் தெரிந்த ஆள் இல்லை. இங்கிலாந்திலிருந்து வரவழைத்துக் கட்டுப்படியாகாது. ஆகவே ஆதரவற்ற சிறுவர் இல்லத்திலிருந்து சில பையன்களை எடுத்து நில அளவை சொல்லிக்கொடுக்க ஒரு பள்ளி தொடங்கினார். இரண்டே ஆண்டில், 1796-ல் டாப்பிங் இறந்துபோனார். பள்ளி இறக்கவில்லை. 1858-ல் சிவில் இன்ஜினியரிங் பள்ளியாக வளர்ந்து, பிறகு கல்லூரியாகி, 1920-ல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. 1978-ல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானபோது அதன் அங்கமானது. இன்று நீங்கள் விருப்பப் பட்டியலில் முதலில் எழுதும் கிண்டி பொறியியல் கல்லூரி அதுதான்.

நான் இதைச் சொல்வது பெருமை பேசுவதற்காக மட்டும் இல்லை. அந்தக் கல்வி எதிலிருந்து தொடங்கியது? அளப்பதிலிருந்து. சங்கிலியைப் பிடித்து, வெயிலில் நின்று, கண்ணால் பார்த்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவதிலிருந்து. இன்றும் சிவில் மாணவர்களுக்குச் சர்வே வகுப்பு உண்டு. அந்தக் குறிப்பேட்டுக்கு ஒரு பழைய விதி இருக்கிறது. ரப்பர் கூடாது. எழுதிய எண் தப்பாகிவிட்டால் அழிக்கக்கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, சரியான எண்ணை அதன் மேலே எழுதவேண்டும். அடித்த எண்ணும் படிக்கத் தெரியவேண்டும். ஏன்? நாளைக்கு வேறொருவர் அந்தக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தால் இங்கே ஒரு திருத்தம் நடந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியவேண்டும். எவ்வளவு எளிய விதி! எவ்வளவு கடினமான விதி!

மட்டம் பார்க்கும் வகுப்பில் இன்னொன்று நடக்கும். உயரம் தெரிந்த ஒரு புள்ளியில் தொடங்கி, வளாகத்தைச் சுற்றி அளந்துகொண்டே போய், கடைசியில் அதே புள்ளிக்குத் திரும்பி வரவேண்டும். தொடங்கிய உயரமே முடிவிலும் வரவேண்டும். வராது. சில மில்லிமீட்டர் இடிக்கும். அந்த வித்தியாசம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்தால் பகிர்ந்து திருத்திக்கொள்ளலாம். மிஞ்சினால் மறுபடி முதலிலிருந்து அளக்கவேண்டும். மாலை ஐந்து மணி, கல்லூரிப் பேருந்து புறப்படப் போகிறது, வித்தியாசம் மிஞ்சிவிட்டது. என்ன செய்வார்கள்? நடுவில் ஒரு எண்ணைக் கொஞ்சம் மாற்றினால் எல்லாம் பொருந்திவிடும். மாணவர்கள் அதற்கு "அட்ஜஸ்ட்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அன்புள்ள மாணவர்களே, பொறியியல் படிப்பின் உண்மையான தேர்வு அந்த ஐந்து மணிக்குத்தான் நடக்கிறது. நவம்பரில் நடக்கும் பருவத் தேர்வு அதற்குப் பிறகுதான்.

முதலாண்டில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். கணிதம் இருக்கும், இயற்பியல் இருக்கும். இன்ஜினியரிங் கிராபிக்ஸ் இருக்கும். டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு போவீர்கள். ஒரு கூம்பைச் சாய்த்து வைத்து வெட்டினால் மேலிருந்து எப்படித் தெரியும், பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்று வரையச் சொல்வார்கள். "கம்ப்யூட்டர் படிக்க வந்த எனக்கு இது எதற்கு?" என்று உங்களுக்குத் தோன்றும். கண்ணுக்கு முன்னால் இல்லாத பொருளை மனத்தில் நிறுத்தித் திருப்பிப் பார்க்கும் பயிற்சி அது. பொறுமையாகச் செய்யுங்கள். ஒர்க்‌ஷாப் இருக்கும். இரும்புத் துண்டை அரத்தால் ராவி ராவி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள். இடுக்கு வழியாக ஒரு கீற்று வெளிச்சம் வந்தாலும் மறுபடி ராவவேண்டும். கை கொப்புளிக்கும். ஒரு மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் கைக்குத் தெரியும்.

அப்புறம் ஆய்வகம். ஆய்வகத்தைப் பற்றி நான் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

கான்கிரீட் ஆய்வகத்தில் 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டிகளை வார்ப்போம். சிமென்ட், மணல், ஜல்லி, தண்ணீர் எல்லாம் நிறுத்துப் போட்டு, கலந்து, குத்தி, மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுவோம். 28 நாள் கழித்து எடுத்து, எந்திரத்தில் வைத்து நசுக்குவோம். எம்-20 என்ற வகைக் கான்கிரீட் என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கவேண்டும். கட்டியின் முகம் 22,500 சதுர மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள். 450 கிலோநியூட்டன், ஏறத்தாழ 46 டன் எடை. இரண்டு கையால் தூக்கக்கூடிய ஒரு கட்டி அத்தனை பாரத்தைத் தாங்கிவிட்டுத்தான் உடையவேண்டும். உடையும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை முதன்முறை கேட்கும் மாணவரின் முகத்தைப் பார்ப்பது ஆசிரியருக்குக் கிடைக்கும் பெரிய சந்தோஷங்களில் ஒன்று.

ஆனால் என்ன நடக்கிறது? பல இடங்களில் கட்டி வார்ப்பதே இல்லை. சீனியரின் ரெக்கார்டு நோட்டு கைமாறி வருகிறது. விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பொருத்தமான அளவுகளைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். நோட்டு அழகாக இருக்கிறது. ஆசிரியரும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். ஆசிரியர்களைச் சொல்லாமல் மாணவர்களை மட்டும் சொன்னால் அது நியாயம் ஆகாது. பார்க்காமல் போட்ட அந்தக் கையெழுத்திலிருந்துதான் மாணவர் பாடம் கற்கிறார். பத்தொன்பது வயதில் வார்க்காத கட்டிக்கு வலிமை எழுதிப் பழகியவர், முப்பது வயதில் கட்டுமான இடத்தில் அதே படிவத்தை நிரப்பும்போது என்ன செய்வார்?

2014-ஆம் ஆண்டு ஜூன் 28. சனிக்கிழமை மாலை. சென்னை போரூரை அடுத்த மவுலிவாக்கம். கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் அங்கே வேலை செய்துகொண்டிருந்த கட்டுமானத் தொழிலாளர்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள். விசாரணை நடந்தது. கட்டமைப்பின் வடிவமைப்பிலேயே கோளாறு இருந்தது வெளிவந்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு கோபுரத்தையும் வைத்திருக்க முடியாமல் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது.

அந்தக் கட்டடத்துக்கும் வரைபடம் இருந்தது. அந்த வரைபடத்திலும் மூலையில் ஒரு கட்டம் இருந்திருக்கும். நான் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இங்கே வரவில்லை, அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. நான் கேட்பது வேறு. ஒரு தூணின் கணக்கு, ஒரு மண் பரிசோதனை, ஒரு கட்டிச் சோதனை, இவற்றில் ஒன்றையாவது ஒருவர் பிடிவாதமாக, "இது சரியில்லை, நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று நிறுத்தியிருந்தால்? அந்தப் பிடிவாதத்தை நாம் வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கிறோமா?

இந்த இடத்தில் ஒரு மாணவர் மனசுக்குள் சொல்வது எனக்குக் கேட்கிறது. "ஐயா, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கப் போகிறேன். எனக்குத் தூணும் இல்லை, கட்டியும் இல்லை." இன்றைக்குக் கலந்தாய்வில் முதலில் நிரம்புவது கம்ப்யூட்டரும் செயற்கை நுண்ணறிவும்தான். சிவிலும் மெக்கானிக்கலும் காத்துக் கிடக்கின்றன. எடுங்கள், நன்றாகப் படியுங்கள். ஆனால் ஒரு செய்தியைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

1980-களில் தெராக்-25 என்று ஒரு எந்திரம் இருந்தது. கனடாவில் செய்தது. புற்றுநோயாளிகளுக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் எந்திரம். அதற்கு முந்தைய மாதிரிகளில், கதிர்வீச்சு எல்லை மீறாமல் தடுக்கத் தனியாகப் பொருத்தப்பட்ட பூட்டுகள் இருந்தன. புதிய மாதிரியில் அவற்றை எடுத்துவிட்டு மென்பொருளை நம்பினார்கள். இயக்குபவர் விசைப்பலகையில் வேகமாகத் திருத்தம் செய்தால், மென்பொருளின் இரண்டு பகுதிகள் ஒன்றையொன்று முந்திக்கொள்ளும் பிழை அதில் இருந்தது. 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகள் மீது அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு பாய்ந்தது. சிலர் அதனாலேயே இறந்தார்கள். திரையில் ஒரு பிழை எண் மட்டும் வந்தது. அதற்கு என்ன பொருள் என்று இயக்குபவருக்குப் புரியும்படி யாரும் எழுதி வைக்கவில்லை. "எந்திரம் தப்புச் செய்யாது" என்று முதலில் நம்பியவர்களால் விசாரணையும் தாமதமானது. நோயைக் குணப்படுத்திக்கொள்ள வந்தவர்களை ஒரு நிரல் கொன்றது. நிரல் எழுதுபவருக்கும் கையெழுத்து உண்டு, மாணவர்களே. காகிதத்தில் தெரியாது, அவ்வளவுதான்.

சரி, இந்தக் கையெழுத்துப் போட யாருக்கு உரிமை? 1940 வரைக்கும் நம் மாகாணத்தில் பதில் தெளிவாக இருந்தது: ஆண்களுக்கு. அந்தப் பதிலை மாற்றியவர் ஒரு சிறு பெண். பெயர் ஏ. லலிதா. 1919-ல் சென்னையில் பிறந்தவர். 15 வயதில் திருமணம். 18 வயதில் கணவர் இறந்துவிட்டார். கையில் நான்கு மாதக் குழந்தை. அந்தக் காலத்தில் ஒரு கைம்பெண்ணுக்கு வீட்டின் மூலை ஒன்று ஒதுக்கப்படும். தாய்மார்களே, உங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். லலிதா அந்த மூலையை ஏற்கவில்லை. படிக்கவேண்டும் என்றார். மருத்துவம் படித்தால் நடுராத்திரியில் குழந்தையை விட்டுவிட்டு ஓடவேண்டியிருக்கும் என்று யோசித்து, பொறியியல் என்று முடிவு செய்தார்.

அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டியில் மின் பொறியியல் பேராசிரியர். மகளுக்காக அவர் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் கேட்டார். முதல்வரும் கல்வித் துறை இயக்குநர் ஸ்டாத்தமும் கதவைத் திறந்தார்கள். நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண். ஒருத்தியாகத் தவிக்கவேண்டாம் என்று, பெண்களும் சேரலாம் என அறிவிப்புக் கொடுத்தார்கள். பி. கே. திரேசியா, லீலாம்மா ஜார்ஜ் என்று இரண்டு பேர் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். மூவரும் பட்டம் பெற்றார்கள். லலிதா பெற்றது 1943-ல். பட்டச் சான்றிதழில் "அவன்" என்று ஆங்கிலத்தில் அச்சடித்து வைத்திருந்தார்கள், வேறு மாதிரி அச்சிடவேண்டி வரும் என்று யாரும் நினைத்ததில்லை. அந்தச் சொல்லைக் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே "அவள்" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த மூவரும் பட்டத்தை அலமாரியில் வைக்கவில்லை. லலிதா ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி பெற்றார், சிம்லாவில் பணியாற்றினார், பிறகு கல்கத்தா நிறுவனம் ஒன்றில் நீண்ட காலம் மின்கடத்தித் தடங்களை வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்திலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டுக்குப் போனார். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். மகளுக்கு மெக்கானிக்கல் வேண்டாம், பட்டறையில் கை கறுத்துவிடும் என்று இன்றும் சொல்லும் பெற்றோர்களே, எண்பது ஆண்டுகளுக்கு முன்னால் பட்டறைக்குப் போன அந்தத் தாயை நினைத்துப் பாருங்கள்.

வகுப்பறையிலேயே எல்லாமும் கிடைத்துவிடுமா? கிடைக்காது. 1964 டிசம்பர் 22 இரவு. புயலில் தனுஷ்கோடி அழிந்தது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் தூலங்கள் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டன. பாலத்தை மீண்டும் நிறுத்த ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது. அதை மூன்று மாதமாகக் குறைத்தார் ஒரு மேலதிகாரி. பொறுப்பை ஏற்றவர் 32 வயதுப் பொறியாளர், காக்கிநாடா அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்த இ. ஸ்ரீதரன். 46 நாளில் முடித்தார். எப்படி? புதுத் தூலம் எங்கிருந்தோ வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கடலுக்குள் கிடந்த பழைய தூலங்களைத் தேடி எடுத்து மறுபடி ஏற்றினார். கடலை அறிந்தவர்களின் கண்ணும் பாரம் தூக்கத் தெரிந்தவர்களின் தோளும் இல்லாமல் அது நடந்திருக்குமா? பட்டம் வாங்கிய ஒரே காரணத்தால் மேஸ்திரியிடம் பேசமாட்டேன் என்று நினைக்கும் இளைஞரை நான் பார்த்திருக்கிறேன். பரிதாபம்! கம்பி வளைப்பவரிடம் கேளுங்கள். லேத் ஓட்டுபவரிடம் கேளுங்கள். பயிற்சிக்குப் போகும் இடத்தில் சான்றிதழை வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்பாதீர்கள்.

அரசுப் பள்ளியிலிருந்து, தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2021 முதல் உங்களுக்குப் பொறியியலில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தை அரசு ஏற்கிறது. இடம் உங்களுடைய உரிமை, யாரும் போட்ட பிச்சை இல்லை. முதல் பருவத்தில் ஆங்கிலம் மிரட்டும். பாடம் ஓடும், நீங்கள் பின்தங்குவது போல இருக்கும். ஒன்றிரண்டு அரியர் கூட விழலாம். விழட்டும். விசைகளின் சமநிலை உங்களுக்குத் தமிழில் புரிந்தால் அது புரிந்ததுதான். ஆங்கிலம் ஓராண்டில் வந்து சேர்ந்துகொள்ளும். விளங்காதபோது எழுந்து நின்று "விளங்கவில்லை" என்று சொல்லுங்கள். அந்த வகுப்பில் விளங்காமல் உட்கார்ந்திருக்கும் இன்னும் முப்பது பேர் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

பெற்றோர்களே, அரியர் விழுந்த செய்தியோடு பிள்ளை வீட்டுக்கு வரும் நாளில் பக்கத்து வீட்டுப் பையனின் சம்பளத்தைப் பேசாதீர்கள். அன்றைக்குச் சோறு போட்டு, எந்தப் பாடம் கடினம் என்று மட்டும் கேளுங்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கப் போகும்போது வரவேற்பறையில் ஒட்டியிருக்கும் வேலைவாய்ப்புப் படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எந்திரத்தின் மீது தூசி இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருக்கும் உதவியாளரிடம் இதை எப்போது கடைசியாக ஓட்டினீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பதில் கல்லூரியைப் பற்றி விளம்பரத்தைவிட அதிகம் சொல்லும்.

மாணவர்களே, கடைசி ஆண்டில் உங்களிடம் ஒருவர் வருவார். புராஜெக்ட் தயாராக இருக்கிறது, அறிக்கையும் அட்டை போட்டுத் தருகிறோம், வைவாவில் கேட்கும் கேள்விகளுக்கும் விடை தருகிறோம், இவ்வளவு பணம் என்பார். உங்கள் நண்பர்கள் வாங்குவார்கள். நீங்கள் வாங்காதீர்கள். சின்னதாக ஒன்று செய்யுங்கள். ஓடாமல் போனாலும் பரவாயில்லை. ஏன் ஓடவில்லை என்பதை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதி, உங்கள் பெயரைப் போடுங்கள்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இன்னும் சில வாரங்களில் வகுப்பு தொடங்கிவிடும். முதல் ஆய்வக வகுப்பில், உங்கள் முதல் ரெக்கார்டு நோட்டில், நீங்களே எடுத்த அளவை மட்டும் எழுதுங்கள். புத்தகத்தில் உள்ள விடையோடு அது ஒத்துப்போகாவிட்டால், ஒத்துப்போகவில்லை என்றே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மதிப்பெண் குறைத்தால் குறைக்கட்டும். அந்த ஆசிரியரிடம் நோட்டோடு போய் நின்று காரணம் கேளுங்கள். இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.